அண்ணியின் வாக்குமூலம்

பூசைக்கு மட்டும் உடுத்தும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலை அண்ணி தெருவில் இறங்கிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாதா கோவிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது காவல் நிலையத்துக்கு.

அதற்கு நான்கு நாள் முன்பு, குரும்பகரம் சாலையில் நடவு வேலை முடிந்து நடந்து வந்த ஒரு அம்மாள்மீது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போயிருந்தது. மறுநாள் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வண்டி என் அண்ணன் மகனுடையது, ஓட்டியவனும் அவன்தான். அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளை. துபாய்க்கு விசா வந்து, அடுத்த மாதம் கிளம்ப வேண்டியவன். கொத்து வேலை செய்யும் அவன் சினேகிதன் ஒருவன் அந்த வண்டியை அடிக்கடி இரவல் வாங்குவான். அன்றைக்கும் அவன்தான் எடுத்துப்போனான் என்று, வண்டி எண்ணை வைத்து விசாரிக்க வந்த போலீசிடம் மகன் சொல்லிவிட்டான். அவர்களும் சினேகிதனைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் மகன் வீட்டில்தான் இருந்தான் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அண்ணன் இருந்தாலும் இதைத்தான் செய்வார் என்றுகூடச் சொன்னேன். அண்ணி மறுத்துப் பேசவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மகனும் நானும் வீட்டில் இருந்தோம். மகன் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா முழங்கால் போட்டா ஜெபம் வரல, ஸ்டேஷன்ல அடி வாங்குற அந்தப் புள்ளையோட அம்மா முகம்தான் வருது. ஆண்டவர் சொல்றத நான் கேட்டுட்டேன். எம்புள்ளய அவர்கிட்ட விட்டுட்டேன்."

மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். பிற்பகலில் வந்து அழைத்துப்போனார்கள்.

ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கீழ்ப்படிந்தார்கள், கஷ்டம் தீர்ந்தது என்று முடியும். அண்ணிக்கு எதுவும் தீரவில்லை. விசா போயிற்று, மகனுக்குத் தண்டனை ஆயிற்று. ஜெயிலுக்கு அண்ணி பார்க்கப் போனபோது அவன் வெளியே வர மறுத்துவிட்டான். விடுதலையானதும் நேராகத் திருப்பூர் போனவன், எட்டு வருடமாகியும் வீட்டுப்படி மிதிக்கவில்லை. பெற்ற பிள்ளையையே பிடித்துக் கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் கல்யாணங்களுக்குக்கூட அழைக்காமல் விட்டார்கள். தப்பித்த சினேகிதனின் தாயும் நன்றி சொல்ல வரவில்லை. ஸ்டேஷனில் மூன்று நாள் அவன் வாங்கிய அடியை அவளால் மறக்க முடியவில்லை. அண்ணி மட்டும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

போன தவக்காலத்தில் படுத்த படுக்கையானார். கஞ்சி கொடுக்கப் போனபோது, அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டேன்.

"தெனம் தோணுது தம்பி," என்றார். "தெனம் ஒரு தடவ ஆண்டவர்கிட்ட சரின்னு சொல்லிக்கிறேன். அன்னிக்கு ஒருநாளோட முடிஞ்சுதுன்னு நெனச்சீங்களா?"

அதுவரை அவருக்கு நம்பிக்கை சுலபமாக வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்குப் பிறகு இறந்துபோனார். சொல்லி அனுப்பியும் மகன் வரவில்லை. முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. "கடைசியா என்னைக் கேட்டாங்களா சித்தப்பா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அழுதிருப்பான், ஒருவேளை கல்லறைக்காவது வந்திருப்பான்.

"இல்லப்பா," என்றேன். "கடைசி ரெண்டு நாள் பேச்சே இல்ல."

போனை வைத்துவிட்டான். அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.