ஜப்பானியத் தீவில் ஒரு குளியல் தொட்டி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்க நினைக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் இந்த வலைப்பதிவை வாசிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று பல மாதங்கள் யோசித்தேன். இப்போதும் சந்தேகம் தீரவில்லை.

போனது 2007 ஆகஸ்டில். அதற்கு முந்தைய வருடம் என் மனைவி மேரி காலமானாள். பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டில் நான் மட்டும். ஒரே மகள் ஷீலா ஜப்பானில், உள்நாட்டுக் கடலில் இருக்கும் ஒரு சிறு தீவில் வாழ்கிறாள். பெங்களூருக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அங்கே மூன்று வருடம் இருந்த கென்ஜியைக் கல்யாணம் செய்துகொண்டாள். கென்ஜியின் அப்பா இறந்ததும் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள இருவரும் தீவுக்கே போய்விட்டார்கள். அது ஆறு வருடத்துக்கு முன்பு.

"தொண்ணூறு நாள் விசாவுல வாங்கப்பா. புடிச்சிருந்தா வருஷத்துல பாதி இங்க, பாதி அங்க. அத்தையும் சரின்னுட்டாங்க" என்று போனில் சொன்னாள். அத்தை என்றது கென்ஜியின் அம்மாவை. ஆகவே நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. மிச்சமிருக்கும் காலத்தில் பாதியையாவது மகளோடு கழிக்க முடியுமா என்று பார்க்கத்தான்.

பெங்களூர்க்காரர்கள் விசாவுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஷீலாவின் அழைப்புக் கடிதம் தயாராக இருந்ததால் சிக்கல் இல்லை. விமானம் சிங்கப்பூர் வழியாக, போக வர முப்பத்தெட்டாயிரம் ரூபாய். விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன், தொண்ணூறு ரூபாய். ஓட்டியவர் மர்பி டவுன்காரர், எங்கள் தெரு முனையில் நிற்பவர்.

"எங்க சார், இவ்ளோ பெரிய பொட்டி?"

"ஜப்பான். மக வீட்டுக்கு."

"ஜப்பானா! அப்ப காவேரித் தண்ணி, கரண்ட் கட்டு எல்லாத்துக்கும் டாட்டா. இனி எதுக்கு சார் வாபஸ் வரப்போறீங்க? வீட்டுச் சாவிய நம்ம கைல குடுங்க, நான் செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு ஜாலியா இருக்கேன்."

சிரித்தேன். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நடந்துவிட வேண்டும் என்று அப்போது மனதுக்குள் வேண்டிக்கொண்டது உண்மை.

சிங்கப்பூரில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழுத்துக்கு ஒரு சிறு தலையணை கொண்டுபோவது நல்லது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒசாகா. கென்ஜி வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து இரண்டு ரயில்கள், ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்குச் சற்று மேல். அன்றைய மாற்று விகிதத்தில் மூவாயிரத்து ஐநூறு ரூபாய். பிறகு துறைமுகத்திலிருந்து பயணிகள் படகு, இருபத்தைந்து நிமிடம், 750 யென். படகு சொன்ன நிமிடத்தில் கிளம்பியது. தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று ஷீலா கேட்டுக்கொண்டாள். சின்ன இடம், யார் வீடு என்று தெரிந்துவிடும்.

படகுத்துறையில் சம்பந்தியம்மா குடையோடு நின்றிருந்தார். குனிந்து வணங்கினார். நான் அதைவிடக் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த என்னை, "போதும்பா, வாங்க" என்று ஷீலா கையைப் பிடித்து இழுத்தாள்.

தீவு அழகு. மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சு மரங்கள், காய்கள் அப்போது பச்சை. எங்கும் சில்வண்டுச் சத்தம். சாலையோரத்தில் ஆளில்லாத காய்கறிக் கடை. கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு நூறு யென்னை டப்பாவில் போட வேண்டும், யாரும் கண்காணிப்பதில்லை. மூன்று வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். தெருவில் பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். இந்த ஊரில் ஒரு கிழவன் கூடுதலாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் கம்பத்து ஒலிபெருக்கியில் ஊர்ச் செய்தி சொல்வார்கள். டாக்டர் படகு வரும் நாள், யார் வீட்டில் துக்கம், இப்படி. அந்தப் பெண் குரல் சொல்லும் ஒரு சொல்கூட எனக்குப் புரியாது.

வீட்டு வழக்கங்களை ஷீலா போனிலேயே சொல்லித் தந்திருந்தாள். செருப்பை எங்கே விடுவது, கழிப்பறைக்கு எந்தச் செருப்பு, சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது என்பது எல்லாம். குளியலறையில் முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, உடம்பு சுத்தமான பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். விமானத்தில் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடியே போனேன். ஒன்றிலும் தவறவில்லை.

விருந்தாளிதான் முதலில் குளிக்க வேண்டுமாம். கூச்சமாக இருந்தது, ஆனாலும் போனேன். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தபோது முழங்கால் வலி இல்லாமல் போனது. எழுந்து, தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டேன். பிறகு அங்கிருந்த பஞ்சால் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். நாம் உட்கார்ந்து எழுந்த தண்ணீரை இன்னொருவருக்கு, அதுவும் சம்பந்தியம்மாவுக்கு, விட்டு வைப்பார்களா யாராவது? கொஞ்ச நேரத்தில் மறுபடி குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நான் செய்தது சரிதான் என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று மாலை ஒலிபெருக்கி வழக்கமில்லாமல் இரண்டாவது முறையும் பேசியது. சாப்பிடும்போது என்ன செய்தி என்று கென்ஜியிடம் கேட்டேன். அவருக்குப் பெங்களூரில் கற்ற அரைகுறைக் கன்னடமும் அதைவிடக் குறைவான தமிழும் தெரியும்.

"மழெ இல்லா, மாமா. நீரு கம்மி" என்றவர், தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார்.

கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பெங்களூர்ப் பேருந்தில் கேட்ட வார்த்தை ஜப்பானில்! விழுந்து விழுந்து சிரித்தேன். "எங்களுக்கா தண்ணிப் பஞ்சம் தெரியாது? காக்ஸ் டவுன்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி" என்று பெருமையாகச் சொன்னேன். கென்ஜியும் சிரித்தார். சம்பந்தியம்மாவும் சிரித்தார். ஷீலா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றும் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். வாசலில் ஷீலா நின்றாள்.

"அப்பா, தண்ணிய தெறந்து விட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. தினமும் விட்டுட்டு, கழுவியும் வெக்கிறேனே."

"ஐயோ. அந்தத் தண்ணியிலதாம்பா நாங்க எல்லாரும் குளிக்கிறோம். காலைல துணி தொவைக்கிறதும் அதுலதான்."

"நான் இறங்கின தண்ணியிலயா?"

"அதுக்குத்தானே வெளிய சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு எறங்கச் சொல்றது! ஊர்ல தண்ணி இல்ல, தினமும் மைக்ல கத்துறாங்க. நம்ம வீட்டு மோரியில மட்டும் வெந்நீர் ஓடுதுன்னு பக்கத்து வீட்டுல பார்க்க மாட்டாங்களா? அத்தை ஒரு வாரமா வாயத் தெறக்கல. எனக்குத்தான் மொகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"நீ சொல்லலையேம்மா."

"இதெல்லாமா சொல்லணும்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். காக்ஸ் டவுன் வீட்டில் இருபத்தாறு வருடம் வாளியும் சொம்புமாகக் குளித்து வளர்ந்தவள். ஒருவர் குளித்த தண்ணீரை இன்னொருவர் தொடாத வீடு. ஆறே வருடத்தில் அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. செருப்பைப் பற்றிச் சொல்லத் தோன்றியிருக்கிறது, இதைச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சம்பந்தியம்மா என் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விருந்தாளிக்குப் புரியும்படி முதலிலேயே சொல்லாதது தன் தவறு என்றாராம், ஷீலாதான் மொழிபெயர்த்தாள். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு, விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகும் என்னைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். ஆனால் நான் உள்ளே இருக்கும் வரை ஷீலா கதவுக்கு வெளியே நிற்பாள். "அப்பா, அடைப்பு அப்படியே இருக்கா?" "இருக்கும்மா." எழுபத்தொரு வயதில் தினமும் ஒருமுறை இதற்குப் பதில் சொன்னேன்.

சம்பந்தியம்மா தொட்டியில் இறங்குவதையே விட்டுவிட்டார். வெளியே உட்கார்ந்து இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஏன் என்று ஷீலாவிடம் கேட்டேன்.

"அவங்களுக்கு ஜலதோஷம்பா."

நான் அங்கிருந்த மிச்ச நாளெல்லாம் அந்த ஜலதோஷம் இருந்தது. ஒரு தும்மல் கேட்கவில்லை. உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். தண்ணீரை மிச்சம் பிடித்திருக்கலாம். நான் இறங்கிய தண்ணீர் என்பதும் காரணமாக இருக்கலாம். தப்பாக நினைக்கிறேனோ என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மாலை படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஷீலாவிடம் சொன்னேன்: "டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமான்னு யோசிக்கிறேன்."

ஏன்பா, இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கே என்று அவள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"எந்தத் தேதிக்குப்பா?" என்றாள்.

டிக்கெட்டை மாற்ற நாலாயிரத்து ஐநூறு ரூபாய் ஆனது. கிளம்பிய அன்று சம்பந்தியம்மா சோற்றுருண்டை கட்டிக்கொடுத்து, படகு கண்ணுக்கு மறையும்வரை குனிந்தபடி நின்றார். ஷீலா அவர் பக்கத்தில் அதே மாதிரி, அதே அளவு குனிந்து நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தபோது எது யார் என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். உள்நாட்டுக் கடல் தீவுகளுக்கு ஆகஸ்டில் போகாதீர்கள். வெயிலும் அதிகம், தண்ணீரும் குறைவு. அக்டோபருக்குப் பிறகு ஆரஞ்சு பழுக்கும். தீவில் ஏ.டி.எம்.மை நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகின் நேரத்தைத் துறைமுகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குளித்து முடித்தால் அடைப்பைத் தொடாமல், பக்கத்தில் இருக்கும் பலகையால் தொட்டியை மூடிவிட்டு வாருங்கள். அந்தப் பலகையை முதல் நாளே பார்த்தேன், எதற்கு என்று கேட்கவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் கேட்டால் போதாது. எது சரி என்று உங்களுக்கு நன்றாகத் தெரியுமோ, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிள்ளைகள் தாங்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஷீலா ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். நான் திரும்பி வந்து சில வாரங்கள் கழித்து ஒருமுறை, "இங்க செம மழைப்பா. அணை ரொம்பிடுச்சு, தண்ணிக் கட்டுப்பாடெல்லாம் எடுத்துட்டாங்க" என்றாள்.

"அப்படியா, நல்லதும்மா" என்றேன். அடுத்து என்ன சொல்வாள் என்று காதில் ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அங்க தண்ணி ஒழுங்கா வருதாப்பா?" என்று கேட்டாள்.

"வருதும்மா" என்றேன். "ஒருநாள் விட்டு ஒருநாள்."