சொல்தாவுக்கு ஐந்து மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எங்கள் மோட்டார் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை தண்ணீர். ஒரு கால் செருப்பைக் காணோம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அதில் ஒரு நாய்க்குட்டியைப் பிடித்திருந்தார்.

தொட்டிக்கு வெளியே எங்கள் நாய் சொல்தா. குரைக்கிறான்... குரைக்கிறான்... கரும்புக் கொல்லையே அதிருகிறது.

"அண்ணி! நாய கூப்புடு அண்ணி! நான் செல்வம்... தெரிஞ்ச ஆளுதான்னு சொல்லு அண்ணி!"

ஓடிப்போய் நாயைப் பிடித்திருக்க வேண்டும், இல்லையா? நான் வரப்பிலேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில்!

தேடி வந்தவரை நாய் விரட்டுகிறது, இந்தம்மா ஆனந்தக் கண்ணீர் விடுகிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தக் குரைப்புக்காக நான் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பும் நெல்லும் போடுகிறோம். கொல்லை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: மோட்டாரை விட அதன் கேபிள்தான் பெரிய கவலை. உள்ளே இருக்கிற தாமிரக் கம்பிக்காக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகத்தான் ஒரு குட்டியை வளர்த்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் புதுச்சேரிப் பக்கம் 'சொல்தா' என்பார்கள். காவலுக்கு வந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பெயருக்கு ஏற்ற பிள்ளை. பக்கத்துக் கொல்லையில் இரண்டு முறை கேபிள் போனது. எங்களிடம் ஒரு முறைகூட இல்லை.

ஆறாவது வயதில் அந்தச் சொல்தா படுத்துவிட்டான்.

காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. சும்மா படுத்துவிட்டான். வெயில் எங்கேயோ அங்கே நகர்ந்து நகர்ந்து படுப்பான். சித்திரை வெயிலில் நாமெல்லாம் நிழல் தேடுகிறோம், இவன் அடுப்பங்கரைக்கு வந்து சூடு காய்கிறான்! உடம்பு ஊதியது. இரண்டு விலாவிலும் முடி கொட்டி தோல் கறுத்தது. வால் எலி வால் மாதிரி ஆனது. முகத்தில் மட்டும் எப்போதும் ஒரு துக்கம்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். சொறி என்றார் ஒருவர், வேப்பெண்ணெய் தடவினோம். வயசாகிவிட்டது என்றார் இன்னொருவர். தின்று கொழுத்துவிட்டான் என்றேன் நான். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் ஊதினான். பாவி நான்... பட்டினி போட்டிருக்கிறேன்!

என் வீட்டுக்காரர் தணிகாசலம் ரொம்ப யோசிக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"செல்வம் வூட்டு நாயி செனையா கீதாம். குட்டி ஒண்ணு கேட்டிருக்கன். அது வந்ததும் இவன செல்லிப்பட்டு ஆத்தாண்ட வுட்டுட்டு வந்துடலாம்."

"வுட்டுட்டுன்னா?"

"அங்க கெடைக்கிறத தின்னுக்குவான்டி. இங்க இருந்து இன்னா பண்றான்? எதிர்ல நரி வந்தாலும் எழுந்திருக்க மாட்டறான்."

என் கணவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கரும்பு வெட்டு முடிகிற வரை அவருக்குத் தூக்கம் வராது. அவருக்குக் காவல் வேண்டும். எனக்குச் சொல்தா வேண்டும். அவருடைய கூட்டாளி செல்வத்தின் வீட்டில் குட்டி பிறந்து, பால் மறந்து, கூடையில் ஏறி எங்கள் கொல்லைக்கு வருவதற்குள் இவன் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவகாசம்.

மறுநாளே ஷேர் ஆட்டோவை வரவழைத்து, சொல்தாவைப் போர்வையில் சுருட்டி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சின்ன வயது டாக்டரம்மா. வாலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். நாலு நாளில் போன்.

"தைராய்டும்மா. ஹார்மோன் சுத்தமா சுரக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களில் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நானும் எட்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவள்தான். அசதி, குளிர், முடி கொட்டுவது, சாப்பிடாமலே பெருப்பது... இவ்வளவும் என் உடம்பிலேயே நடந்தது. அன்றைக்கு என்னைச் சோம்பேறி என்று சொன்னவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதே நோய் காலடியில் படுத்துக் கிடந்தபோது, "தின்னு கொழுத்துட்டான்" என்று நானே சொன்னேனே!

டாக்டரம்மா சீட்டு எழுதினார். நூறு மைக்ரோகிராம் மாத்திரை. காலையில் ஐந்து, சாயந்திரம் ஐந்து. வெறும் வயிற்றில். ஆயுசு முழுக்க.

மெடிக்கல் ஷாப்காரர் சீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்தான்னா யாருமா? பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவரா?"

"இல்லபா. நாயி."

"நாயிக்கா? ஒரு நாளிக்கு பத்தா? யம்மா, மனுஷனே ஒண்ணுதான் போடறான். இத்தினி போட்டா உசுரே பூடும்மா!"

அங்கேதான் ஆரம்பித்தது வினை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான் அறுபத்தெட்டு கிலோ. எனக்கு ஐம்பது மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு ஒரே வேளை. சொல்தா இருபத்தைந்து கிலோ. அவனுக்கு ஆயிரமா? சின்னப் பெண்தானே, டாக்டரம்மா ஏதோ அவசரத்தில் சைபரைக் கூட்டிப் போட்டுவிட்டார். எட்டு வருஷ அனுபவசாலி ஆயிற்றே நான்! மாத்திரையை நாலாக உடைத்து, தினமும் கால் துண்டு கொடுத்தேன்.

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? நம்பர் இருந்தது. ஆனால் படித்தவரிடம் போய் "நீங்க தப்பா எழுதிட்டீங்க" என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்குமா? மனசு கஷ்டப்படுமே!

நம் ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். டாக்டர் எதிரே உட்காரும்போது எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்". வீட்டு வாசப்படி ஏறியதும் நாமே டாக்டர். பாதி மாத்திரை, ஒரு வேளை போதும், இன்றைக்குப் பரவாயில்லை நாளைக்குப் பார்க்கலாம்... சந்தேகம் கேட்பது மரியாதைக் குறைவு, சொல்லாமல் மாற்றுவது மட்டும் மரியாதையா?

ஒரு வாரம், இரண்டு வாரம்... ஆறு வாரம். கால் துண்டு தவறவே இல்லை. சொல்தாவும் இடத்தை விட்டு நகரவே இல்லை. இதற்கிடையில் செல்வம் வீட்டில் நாலு குட்டிகள் பிறந்துவிட்டதாகத் தகவல்.

"மாத்திரயும் குடுத்துப் பாத்தாச்சு," என்றார் இவர். "இன்னாடி பண்ணலாம்ன்ற?" குரல் மெதுவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் ஷேர் ஆட்டோ, மறுபடியும் ரத்தம். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா குழம்பினார். மாத்திரை போட ஆரம்பித்த மாதிரியே தெரியவில்லையாம். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா... எத்தினி மாத்திரை குடுக்கறீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்தா என் காலில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்:

"உங்க கொல்லை களிமண்ணா, மணலா?"

"களிமண்ணு."

"மணல் கொல்லைல அதே அளவு தண்ணி பாய்ச்சினா நிக்குமா?"

"எங்க நிக்கும்? பாயப் பாய இழுத்துக்கும்."

"நாயோட உடம்பு அந்த மணல்தாம்மா. இந்த மருந்து அதுங்க குடல்ல ஏறுறதே கொஞ்சம். ஏறினதும் சீக்கிரமா வெளிய பூடும். உங்க உடம்புல நாள்கணக்கா நிக்கிறது அதுக்கு அரை நாளுகூட நிக்காது. அதான் அத்தினி, அதான் ரெண்டு வேள. நாயி சின்ன சைஸ் மனுஷன் இல்லம்மா."

எனக்குத் தலை நிமிரவில்லை. விஷமாகிவிடுமோ என்று பயந்து, மருந்தே கொடுக்காமல் ஆறு வாரம் கிடத்தியிருக்கிறேன். அன்பினால்தான் செய்தேன். அன்பு இருந்து என்ன செய்ய, அளவு வேண்டாமா?

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்து மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை எண்ணினேன். அதிகமானால் மூச்சு வாங்கும், நிலைகொள்ளாமல் அலைவான், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பான், அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே போன் பண்ணுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கொடுத்துவிட்டு, அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் இட்லி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. பத்து மணிக்குக் கொட்டாவி விட்டான்.

ஒன்பதாவது நாள். மீன்காரர் மொபெட்டில் தெருமுனை திரும்பி ஹாரன் அடித்தார். சொல்தா தலையைத் தூக்கினான். பிறகு முன்னங்கால்... பிறகு பின்னங்கால். வாசல் வரை நடந்து போய் நின்றான்! மீன்காரர் பிரேக் போட்டார்.

"இன்னாக்கா, இவன் இன்னும் கீறானா?"

"கீறான்! நல்லா கீறான்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் கொல்லை வரை கூடவே நடந்தான். ஒரு மாதத்தில் ஓடினான். இரண்டாவது மாதம் வாலில் மெல்லிய பூனை முடி துளிர்த்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியான அளவில் இருந்தது. ரிப்போர்ட்டை மெடிக்கல் ஷாப்காரரிடம் காட்டினேன். இப்போது அவரே, "சொல்தா சாருக்கு மாத்திர எடுத்து வெச்சிருக்கன்" என்று கூப்பிட்டுக் கொடுக்கிறார்.

எல்லாம் செய்தான், குரைப்பு மட்டும் இல்லை. காவல்காரனுக்கு அது இல்லாமல் எப்படி? நான் அதை வெளியே சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. ஆனால் குட்டி வேண்டாம் என்றும் செல்வத்திடம் இவர் சொல்லவில்லை.

அந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை செல்வம் வீட்டுக்கு வராமல், நேராகக் கொல்லைக்கே பைக்கில் வந்திருக்கிறார். கூடையில் குட்டி. கொட்டகைக் கதவில் கையை வைத்தாராம். கரும்புக்குள்ளிருந்து பாய்ந்தான் எங்கள் சொல்தா. மிச்சக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

சத்தம் கேட்டு மண்வெட்டியோடு ஓடி வந்த இவர், தொட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அழுகிற என்னைப் பார்த்தார்.

"யண்ண, இதுவாண்ண படுத்தபடுக்கையா கெடக்குதுன்ன?" என்றார் தொட்டிக்குள் இருந்த செல்வம்.

"அது போன வருஷத்து கததாபா," என்று சொல்லிவிட்டு இவர் குனிந்து சொல்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "குட்டிய எடுத்துனு போ. இங்க ஆளு கீது."

ஐந்து மாதத்துக் கதை அவருக்கு எப்படிப் போன வருஷத்துக் கதை ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. செல்லிப்பட்டு ஆற்றைப் பற்றி அவரும் பேசவில்லை. செல்வத்தின் இன்னொரு செருப்பையும் தேடிக் கொடுத்து, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

சந்தோஷத்தில் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "அம்மா, உங்க தைராய்டை கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன்... நாய்க்கு ஐந்து மாதத்தில் மூன்று முறை. எனக்கு நாலு வருஷமாக ஒரு முறைகூட இல்லை! மறுநாளே போனேன். என் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். இந்த முறை மாத்திரையை உடைக்கவில்லை. மனசில் இருந்த சந்தேகத்தை அவர் எதிரிலேயே கேட்டேன். அவர் மனசு ஒன்றும் கஷ்டப்படவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறோம். முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு வாலையும் ஆட்டுகிறவர்... நான் இல்லை!