குட்டை மட்டையில் வைத்த பொட்டு

கொக்குவிலில் தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டிருந்த பேரின்பநாயகம் பலெர்மோவில் கோல்ஃப் பை சுமக்க வந்தது யாரும் திட்டமிட்ட காரியம் அல்ல. 1990இல் வந்து இறங்கினார். லிபெர்த்தா என்ற பெருவீதியில் ஒரு வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். கதவைத் திறந்தவர் எத்தோரே மன்னாலா.

கோல்ஃப் பார்க்கும் இத்தாலியர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். எழுபதுகளில் பெரிய போட்டிகளை வென்று, பத்திரிகைகளில் கோப்பையுடன் சிரித்தவர். அதற்கு முன் அவரும் பை சுமந்தவர்தான்; பணக்காரர்களின் பின்னால் நடந்தே ஆட்டத்தைக் கற்றார். பிறகு ஒரு கட்டத்தில் கை நடுங்கத் தொடங்கியது. தூரத்து அடிகளில் பழுதில்லை. துளைக்குப் பக்கத்தில், குட்டை மட்டையால் பந்தை மெல்ல உருட்டிவிட வேண்டிய இடத்தில்தான் தவறினார். மனைவி இறந்தார், பெயரும் மங்கியது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கென ஒரு போட்டிச் சுற்றுத் தொடங்கியபோது மறுபடி ஆட வந்தார்.

அவருடைய பையைச் சுமக்க வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. எல்லோரும் யோசனை சொன்னார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் பேரின்பநாயகம் சமைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். அந்த நீண்ட பெயரை அவர் ‘பெரி’ என்று சுருக்கியிருந்தார்.

“பெரி, உனக்குக் கோல்ஃப் தெரியுமா?”

“தெரியாது, மாயெஸ்த்ரோ.”

“படிக்க விருப்பமா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நீதான் ஆள்.”

பேரின்பநாயகத்தின் மனைவி சிவமலருக்கு இது விளங்கவேயில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய ஒற்றை அறையில் ஒருநாள் கேட்டார்: “இஞ்சேருங்கோ, உண்மையா அங்கை என்னதான் செய்யிறியள்?”

“நடக்கிறம். அந்தாள் அடிக்கும். திருப்பியும் நடக்கிறம்.”

“பந்தை ஆர் எடுக்கிறது?”

“துளைக்குள்ளை விழுந்தாப் பிறகு அவரே எடுப்பார்.”

“அதுக்கோ இவ்வளவு பெரிய பை!”

1994 ஒக்ரோபரில் விளையாட்டு வினையானது. பருவத்தின் கடைசிப் போட்டி பக்கத்து ஊரான பகேரியாவுக்கு அப்பால் ஒரு மைதானத்தில் நடந்தது. முதல் பத்து இடங்களுக்குள் வந்தால்தான் அடுத்த வருடம் சுற்றில் ஆடலாம். “வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மிலானுக்கு, மகளிடம் போய்விடுவேன்” என்று எத்தோரே சொல்லியிருந்தார். வீடு பூட்டப்பட்டால் வேலையும் இல்லை. நாட்டில் தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் நேரமும் நெருங்கியிருந்தது. வேலை இல்லாதவருக்குப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா அதைத் தராது. சிவமலர் துப்புரவு செய்த வீடுகள் எதுவும் அவரைச் சட்டப்படி வேலையாளாகப் பதிந்து வைத்திருக்கவில்லை. குடும்பத்தின் இருப்பு முழுவதும் அந்த முதல் பத்தில் தொங்கியது.

போட்டி தொடங்கியது வெள்ளிக்கிழமை. வியாழன் நவமி, ஆயுதபூசை. விடியவே மைதானத்துக்குப் போகவேண்டும் என்று பையை வாங்கிக்கொண்டு பேரின்பநாயகம் பேருந்தில் வீட்டுக்கு வந்தார். குறடு, சிவமலரின் தையல் மெசின், மகள் துசானியின் புத்தகங்கள் எல்லாம் சாமிப்படத்தின் முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பையைச் சாய்த்து வைத்தார்.

“அப்ப நிலம் துடைக்கிற மொப்பு என்ன பாவம் செய்தது?” என்றார் சிவமலர்.

“கொண்டு வாரும்.”

மொப்புக்கும் பொட்டு வைக்கப்பட்டது. கோல்ஃப் பையின் தோலில் ஒன்று வைத்தார். எத்தோரேயை அதிகம் அலைக்கழித்தது குட்டை மட்டை என்பதால் அதற்கும் தனியாக ஒன்று. பொட்டு என்றால் முகத்தில்தானே வைப்பார்கள்? பந்தைத் தொடும் தட்டையான பக்கத்தின் நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்து, மட்டைக்குரிய உறையைப் போட்டு மூடினார். பட்டறையில் பூசைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. உழைக்க உழைக்கத் தானாக அழியும். இதையும் அவர் துடைக்கவில்லை.

மறுநாள் முதல் துளையருகே எத்தோரே மட்டையை வாங்கி உறையைக் கழற்றினார். கண் பந்திலேயே இருந்தது. உருட்டினார், விழுந்தது. துளைக்குள் இருந்து பந்தை எடுத்தபோது அதில் ஒரு சிவப்புத் தீற்று.

கூட ஆடிய ஸ்பானியர் அதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் மட்டையைத் திருப்பிப் பார்த்து விதியைச் சொன்னார். பந்தின் ஓட்டத்தை மாற்றுவதற்காக மட்டையின் முகத்தில் எதையாவது பூசியிருந்தால் ஆட்டக்காரர் போட்டியை விட்டே வெளியேற வேண்டும்.

எத்தோரேயின் முகம் வெளுத்துப்போனது. பேரின்பநாயகத்தின் காதருகே குனிந்தார். “சமையல் கறை என்று சொல்.”

நடுவர் நெருங்கினார். “இதைப் பூசியது யார்?”

“நான்தான்.”

“என்ன இது?”

கறை என்று சொல்ல வாய் வரவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் பேரின்பநாயகம் சொன்னது இதுதான்: “வருசம் முழுக்க உழைச்ச சாமான்களுக்கு நாங்கள் ஒருநாள் பொட்டு வைச்சுக் கும்பிடுவம். குறடுக்கு வைச்சனான். தையல் மெசினுக்கு வைச்சனான். மொப்புக்கும் வைச்சனான்.”

“மொப்புக்குமா?”

“ஓம். அதுவும் உழைக்குதுதானே.”

நடுவர் சிரிக்கவில்லை. “பந்து துளைக்குள் போகவேண்டும் என்று நினைத்து வைத்தாயா?”

எத்தோரே கண்களை மூடிக்கொண்டார்.

“அதைப் பிள்ளையாரிட்டைத் தனியாக் கேட்டனான்,” என்றார் பேரின்பநாயகம். “மட்டையிட்டை ஒண்டும் கேக்கேல்லை. அதுக்கு நன்றி மட்டும்தான் சொன்னனான்.”

முதலில் சிரித்தவர் ஸ்பானியர். “நானும் காலையில் மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என்னையும் வெளியேற்றுவீர்களா?”

நடுவர் மட்டையை இன்னொரு தடவை பார்த்தார். “ஆட்டத்துக்காகப் பூசியது அல்ல. தண்டனை இல்லை. ஆனால் இப்போதே துடைக்கவேண்டும்.”

எத்தோரே துவாயை எடுத்தார். பேரின்பநாயகம் அவரைத் தடுத்து மட்டையை வாங்கிக்கொண்டார். பொட்டைப் பெருவிரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். மிச்சத்தைத்தான் துவாய் துடைத்தது. அன்று முழுவதும் அந்த நெற்றியோடுதான் பையைச் சுமந்தார். ஸ்பானியர் ஒவ்வொரு துளையிலும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசித் துளையில் எத்தோரேக்கு ஒரு முழத் தூரம் மிஞ்சியிருந்தது. அவருடைய பழைய எதிரியான தூரம். கை நடுங்கியது. பின்னால் திரும்பி, “பெரி, ஏதாவது சொல்லு,” என்றார். அப்படி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எனக்குக் கோல்ஃப் தெரியாது, மாயெஸ்த்ரோ.”

எத்தோரேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் உருட்டினார். பந்து விளிம்பில் கொஞ்சம் யோசித்தது. பிறகு விழுந்தது. பத்தாவது இடம்.

பனிக்காலத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. லிபெர்த்தாவில் வீடு பூட்டப்படவில்லை.

அடுத்த வருடம் நவமியன்று பின்னேரம் ஸ்தாசியோனேக்குப் பின்னால் இருந்த அறையின் கதவு தட்டப்பட்டது. மூச்சு வாங்க, தோளில் பையோடு எத்தோரே நின்றார். சிவமலர் அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. பையை மொப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். குட்டை மட்டையை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பிடித்தார்.

“இந்த முறை பின்பக்கம் வை, பெரி.”