வேறு கையெழுத்தில் வந்த கடிதம்

எண்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் ஜெர்மனியில், எங்கடை ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்தார். நான் யாழ்ப்பாணத்து அளவெட்டியில், இரண்டு பெண் பிள்ளைகளோடு.

ஒருநாள் கடிதம் வந்தது. உறையில் அவருடைய எழுத்து. உள்ளே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்.

“அன்பு மனைவிக்கு, என்ரை வலக்கை மெசினுக்குள்ளை அகப்பட்டு, இரண்டு விரலை எடுத்திட்டினம். அதுதான் கூட்டாளியைக் கொண்டு எழுதுவிக்கிறன்...”

மேலே வாசிக்க முடியாமல் குழறி அழுதேன். ஓடி வந்த பக்கத்து வீட்டு மலர் அக்கா கடிதத்தை முழுக்க வாசித்தா.

“பிள்ளை, மகனுக்கு முத்தம் எண்டு கிடக்கு. உனக்கு ஏது மகன்?”

அறையில் எல்லாருடைய கடிதங்களுக்கும் விலாசம் எழுதி அனுப்புவது என் கணவர். உறை மாறிவிட்டது! அந்த அறையில் மகன் இருப்பது பருத்தித்துறைச் சந்திரனுக்கு மட்டும்தான்.

‘முருகா, காயப்பட்டது அவர் இல்லை’ என்று கும்பிட்டேன். உடனே வெட்கமாகவும் இருந்தது.

விசாரித்துப் பருத்தித்துறைக்குப் போனேன். நான் யாரென்று சொன்னதும் சந்திரனின் மனைவி சிரித்தா.

“அக்கா, உங்கடை கடிதம் இஞ்சை வந்திட்டுது. அவர் சுகமாம்!”

என்னிடமிருந்ததைக் கொடுக்கும்போது அவவின் கையையும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கடைசி வரிவரை வாசிக்காமல் நான் அழுததில்லை. கணவரும் முதல் வரியிலேயே என் பெயரை எழுதத் தொடங்கினார். சந்திரன் இடக்கையால் எழுதப் பழகிவிட்டாராம்.