தலையணை உறையில் பதித்த கை

சலவைக்கடையில் அவருக்குக் கறைக்காரர் என்றே பேர். எந்தத் துணியில் என்ன கொட்டியிருந்தாலும் "கறைக்காரரிடம் கொடு" என்பார்கள். இருபது வருஷமாக அதே வேலை. கறையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ஆண்டவன் அவருக்குக் கொடுத்தனுப்பிய கை அப்படி.

அவர் மனைவி மூன்று மாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பண்டிகைக்கு மறுநாள் காலை ஆபரேஷன். அந்த வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். அதனால் ஏழு வயசுப் பெரியவளும் நாலு வயசுச் சின்னவளும் அம்மாவுக்குத் தங்கள் கையாலேயே ஒரு பரிசு செய்தார்கள். வெள்ளைத் தலையணை உறை ஒன்றில், பள்ளிக்கூடத்துச் சாயத்தைத் தொட்டு, ஆளுக்கு இரண்டாக நாலு கை பதித்தார்கள். அம்மா அதில் கன்னம் வைத்துப் படுத்தால் பிள்ளைகள் தொட்ட மாதிரி இருக்குமாம். அப்பாவுக்கும் தெரிய வேண்டாம் என்று பின்வாசல் கொடியில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

பண்டிகை என்பதால் அவர் மத்தியானமே வீடு திரும்பினார். கொடியில் கறை பிடித்த உறை. "அடப் பாவமே" என்று எடுத்தார். ஒன்றும் யோசிக்கவில்லை. பத்தே நிமிஷம், வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது.

"அப்பா, எங்க கை எங்கே?" விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டார்கள்.

நுரை வழியும் கையோடு அவர் நின்றார்.

பெரியவள் சீறினாள். "ஊர்த்துணி எல்லாம் போதலையா உனக்கு? எங்களுதையும் தோய்க்கணுமா?"

சின்னவள் கத்தவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுதான் அவரை அறுத்தது. சாயமும் தீர்ந்துவிட்டது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

"அப்பா, உன்னாலயும் போக்க முடியாத கறை இருக்கா?" என்றாள் சின்னவள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். சலவைக்கடையை அடைக்கப் போன முதலாளியிடம் கெஞ்சி, துணிகளில் அடையாளம் போடுகிற மைப்புட்டியை வாங்கி வந்தார். உறையை இஸ்திரி போட்டே காயவைத்தார்.

"கண்ணு, இது கையில பட்டா பத்து நாளைக்குப் போகாது."

"போக வேண்டாம்."

நாலு கையும் விழுந்தது. பெரியவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "உன் கையையும் வை. அழிச்சதுக்குத் தண்டனை." ஓரத்தில் தயங்கித் தயங்கி அவரும் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் மனைவி முன்னால் உறையை விரித்தார். அவள் சின்னக் கையின்மேல் தன் மெலிந்த கையை வைத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு நர்ஸம்மா இதை மாத்திப் போட்டு வெளுக்கப் போட்டுடுவாங்களே."

"போடட்டும். எத்தனை தடவை வெளுத்தாலும் இது போகாது."

அவள் ஒருக்களித்து அதில் கன்னத்தை வைத்தாள். "நாளைக்கு ஆபரேஷன் ரூமுக்குள்ளே இதைக் கொண்டுபோக விடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

அவர் கடவுளை நினைத்துக்கொண்டு நர்ஸைத் தேடிப் போனார்.