இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லலாம், ஓடியது என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் சோறு வெந்துவிடும். மாமியார் அதற்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம் எல்லாம் தவறாமல் வைப்பார். சாமி படத்துக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் அதற்குத்தான் மரியாதை. நானெல்லாம் அதற்கப்புறம்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த சிதம்பரம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒருநாள் போன் வந்தது. கடைக்காரர்களின் பில்களை வீட்டிலிருந்தே கணக்கில் ஏற்றிக் கொடுக்கிற வேலை. "சொந்தமா கம்ப்யூட்டர் வச்சிருக்கியாம்மா? ஒண்ணாம் தேதி காலையில ஃபைல் அனுப்புவோம். ரெடியா இருந்தா உனக்கு, இல்லன்னா இன்னொரு பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு" என்றார் ஆடிட்டர். இருக்கு சார் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். மறுபடி வேலைக்குப் போக இவ்வளவு ஆசை எனக்குள் கிடந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

புதிது வாங்கலாம் என்றால், "தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். எந்தத் தீபாவளி என்று மட்டும் சொல்ல மாட்டார். அதனால் யூடியூபில் உட்கார்ந்தேன். நாலைந்து வீடியோ பார்த்ததில், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க் போட்டு, ரேமையும் கொஞ்சம் கூட்டினால் என் வேலைக்குத் தாராளம் என்று புரிந்தது. புடவை உறையைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தேன். காற்றுப் போகிற ஓட்டை வழியாக இத்தனை வருஷத்துக் குங்குமமும் உள்ளே இறங்கி, கடல் காற்றின் ஈரத்தில் குழைந்து, ஃபேனில் அப்பிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவெல்லாம் துரு. ரேமை மட்டும் உருவித் துடைத்து வைத்தேன். மிச்சத்தை பிரஷ்ஷால் தட்டிக்கொள்ளலாம் என்று குழம்பைக் கவனிக்கப் போனேன்.

போயிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். உப்பு ஏறின சாமான் எதைப் பார்த்தாலும் நல்ல தண்ணியில் அலசி வெயிலில் வைப்பது அவருக்குக் கையோடு வந்த பழக்கம். நான் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், மதர்போர்டு துணி துவைக்கிற கல் மேல் கிடக்கிறது. இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா பண்றீங்க?"

"கழுவுறேன். பாரு, எவ்ளோ செவப்பா போவுது. கரண்ட் பொட்டிய தனியா எடுத்து வச்சிட்டேன், அதுகூட எனக்குத் தெரியாதா?"

அதுமட்டும்தான் தெரிந்திருந்தது. மொட்டை மாடியில் கருவாடு மாதிரி காயவைத்துப் பார்த்தும் அந்த போர்டு மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

சிதம்பரத்தில் இருக்கிற என் தம்பிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். "நான் காலேஜ் படிக்கறப்ப வாங்கினது பரண்ல கெடக்குதுக்கா. இடி இறங்கின அன்னிக்கு நின்னது. உள்ள எது செத்துச்சு, எது பொழச்சுதுன்னு தெரியாது. எடுத்துட்டுப் போ" என்றான். போய், போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"கம்ப்யூட்டர்."

"ஓடுமா?"

"தெரியலங்க."

"அப்ப லக்கேஜ் டிக்கெட் வேணாம், வுடு" என்று போய்விட்டார்.

இடியில் செத்தது கரண்ட் பெட்டி மட்டும்தான் என்று நம்பினேன். நம்பாமல் வேறு வழியும் இல்லை. எங்கள் வீட்டுக் கரண்ட் பெட்டியை அதில் மாட்டினேன். நல்லவேளையாக இரண்டு மெஷினின் ரேமும் ஒரே வகை, இரண்டையும் செருகினேன். எஸ்எஸ்டி மட்டும் புதிது, ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கியது. பிராசஸர் சூடேறாமல் இருக்க அதன் மேல் தடவ பேஸ்ட் வேண்டும் என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, சமாதானம் பேசுகிற முகத்தோடு இவர் போட் கிரீஸ் டப்பாவைக் கொண்டு வந்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடைவீதிக்குப் போய் சரியான பேஸ்ட்டையே வாங்கி வந்தார்.

விடிந்தால் ஒண்ணாம் தேதி. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது, உள்ளிருந்து பீப் பீப் என்று அழுகை. எனக்கும் அழுகை வந்தது. நாளைக்கு ஆடிட்டரிடம் என்ன சொல்வது என்று மனசு ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டது. வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்து, ரேமை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். இவர் டார்ச் அடித்தார். மறுபடி செருகி சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது.

இவர் உடனே தம்பிக்குப் போன் போட்டார். "மச்சான், ஓடுது. எங்க வூட்டு கரண்ட்டு, ஒங்க வூட்டு மூளை."

"மூளைக்குத் தண்ணி காட்டாம பாத்துக்குங்க மாமா" என்றான் அவன். கோபமெல்லாம் போய் நானும் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரியே புது டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றி முடித்தேன்.

காலையில் சொன்னபடி ஃபைல் வந்தது. ஒரு பெயிண்ட் கடையின் பில்கள். மெஷின் பிசகாமல் ஓடியது. விரல்தான் கொஞ்சம் தடுமாறி, பிறகு பழைய வேகத்துக்கு வந்தது. பாதி முடித்திருப்பேன், சமையலறையில் மாமியாரின் செல்போன் அடித்தது. அவர் தங்கை. என்னோடு பேச வேண்டுமாம்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யார் என்னைக் கேட்டாலும் மாமியார் சொல்வது, "சும்மாதான் இருக்கா, தோ குடுக்கறேன்." என் கையில் மாவு இருந்தாலும் ஈரத்துணி இருந்தாலும் நான் சும்மாதான் இருப்பேன். சண்டை போட்டும் பார்த்திருக்கிறேன், பலனில்லை. அன்றைக்கும் எழுந்துபோக நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

மாமியார் போனைக் காதில் வைத்தபடி ஹாலுக்கு வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ வேலையில இருக்காடி. சாயங்காலமா பண்ணு."

பில் நம்பரெல்லாம் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.