பிஞ்சுக்கும் வேர்க்க வேண்டும்

மாதுளைச் செடியடியில் குந்தி உட்கார்ந்து, பிஞ்சின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பது போலத்தான். "ஜில்லுன்னு இருக்கியேடா, நல்லாத் தண்ணி குடிக்கிறே," என்கிறாள். பிறகு பக்கத்துப் பிஞ்சு. பழப்பண்ணையில் அவளுக்குப் பிஞ்சம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மண்ணையும் சத்தையும் சோதிக்கும் பெரிய படிப்புப் படித்தவள். சோதனைக் குழாய்களைத் துடைத்து உயரம் பார்த்து அடுக்கி வைப்பவள். ஆனாலும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்புகிறாள்.

கடைசி வரிசைச் செடிகள் மட்டும் அவள் வீட்டுச் சொத்து. அம்மா இறந்தபின் வீட்டை விற்றபோது அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டாள். இவள் பின்வாசல் மாதுளையின் பக்கக் கன்றுகளை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தச் செடியின் பழம் ஒருநாளும் முழுசாகக் கைக்கு வந்ததில்லை. பழுப்பதற்குள் வெடித்துவிடும். "சிரிக்குது பாருங்கடி," என்பாள் அம்மா. அணில் பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிட அக்காவும் தங்கையும் பல் விளக்காமல் ஓடிய காலம் அது.

பண்ணைக்காரருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "இந்தத் தடவையும் வெடிச்சா பிடுங்கிட்டு வேற ரகம் வெச்சிடலாம்மா," என்று சொல்லிவிட்டார். அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. இருந்தது அந்த வரிசை ஒன்றுதான்.

பூச்சி குத்தாமல் இருக்க, பூ உதிர்ந்ததுமே பிஞ்சுக்கு உறை மாட்டிவிடுவது அவள் பழக்கம். ஒரு காலையில் ஓர் உறையை அவிழ்த்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். நின்ற இடத்திலேயே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சுண்ணாம்புச் சத்துக்குத் தனியாக் கால் கிடையாது. தண்ணி ஏறுற பக்கம் தொத்திக்கிட்டே போகும். இலைக்கு நல்லா வேர்க்குது, அதான் எல்லாத்தையும் இழுத்துக்குது. நம்ம வீட்டுலயும் அதனாலதான் வெடிச்சுது. இங்க நான் வேற பிஞ்சுக்கு மூச்சு முட்டச் சட்டை மாட்டி வெச்சிருக்கேன். ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குது, அதுக்கு மேல எப்படி வேர்க்கும்? எப்படிச் சத்து வரும்? தோலு வலுவில்லாம வெடிக்குது."

"இலைக்குப் போனதைக் கொஞ்சம் இறக்கி விடேன்."

"இறங்காதுக்கா. போன இடத்துலயே ஒட்டிக்கும்."

"கட்டிக்குடுத்த பொண்ணுகூட நாலு நாள் வந்து இருந்துட்டுப் போவாளேடி!"

"நீ வந்தியாக்கும்!"

அக்கா விடவில்லை. "சரி, பழுக்கும்போது சேர்த்துக் குடுத்துக்கலாம்ல?"

"அதுக்குள்ள தோல்ல மெழுகு படிஞ்சுடும்க்கா, அப்புறம் வேர்க்காது. பிஞ்சுல வாங்கினதை வெச்சுத்தான் காலம் தள்ளணும்."

அன்றே எல்லா உறைகளையும் கழற்றினாள். மேலே வேகமாக ஓடிய கொழுந்துகளைக் கிள்ளிவிட்டாள்: "நீங்க பெரியவங்க, கொஞ்சம் பொறுங்க." காய்த் தோல் தடிக்கும்வரை, சாயங்காலம் தோறும் துண்டை வீசிப் பூச்சி ஓட்டியபடி வரிசையில் நடந்தாள். அப்படியும் சில காய்களில் துளை விழுந்தது.

பறிப்பு நாளன்று அக்காவும் வந்திருந்தாள். பண்ணைக்காரர் கூடையைக் கிளறி அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். வெயிலுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார். எதிலும் வெடிப்பு இல்லை. "புதுப் பாத்திக்கும் இதுலயே குச்சி வெட்டி நட்டுடுங்கம்மா," என்றார்.

பிஞ்சம்மா நல்ல கிளை ஒன்றைத் தேடி வளைத்துப் பிடித்தாள். மற்றக் கையால் கத்தரியை இடுப்பிலிருந்து உருவி, கைப்பிடி முன்னால் வர, அக்காவிடம் நீட்டினாள்.